ஹாண்டில் உதைத்தால் யார் குற்றம்?

தோட்டத்து ஆபீசில் இருக்கும் விபத்துப் புத்தகத்தைத் தொழிலாளத் தோழர்களில் அனேகர் பார்த்திருக்கமாட்டார்கள். எங்களைப் போன்ற கிராணிமாருக்கு அது பழகிப்போன புத்தகம். தேதி, பெயர், என்ன வேலை, எந்த அங்கத்தில் காயம், எத்தனை நாள் லீவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். அவற்றில் ஒரு கட்டம் ‘காரணம்’. பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் அந்தக் கட்டத்தில் அடிக்கடி வந்து உட்கார்ந்திருப்பது ஒரே சொல்: அஜாக்கிரதை. கத்தி கையில் பட்டதா? அஜாக்கிரதை. ஏணியிலிருந்து விழுந்தானா? அஜாக்கிரதை. எஞ்சின் ஹாண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்ததா? அதுவும் அஜாக்கிரதைதான்.

இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாளாக ஒரு தகராறு உண்டு. அதை இன்று எஞ்சின் ஹாண்டிலை வைத்தே பேசித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுகிறேன். கத்தி, ஏணி விஷயங்களில் வாதமும் எதிர்வாதமும் முடிவில்லாமல் போகும். கையால் சுற்றிக் கிளப்பும் எஞ்சினின் கதையோ நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை. அது ஏன் உதைக்கிறது, உதையைத் தடுக்க என்னென்ன சாதனம் கண்டார்கள், அவை யார் கைக்கு முதலில் வந்தன, யார் கைக்குக் கடைசியில் வந்தன என்பதெல்லாம் வெளிச்சமான சங்கதிகள்.

முதலில் உதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்ததே. வெட்டுக்காட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் நெருக்கப்படுகிறது. பிளக்கில் பொறி விழுந்ததும் அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஆனால் பொறி விழுந்த கணமே கலவை முழுதும் எரிந்துவிடுவதில்லை. அதற்கு ஒரு சிறு நேரம் பிடிக்கிறது. எஞ்சின் வேகமாக ஓடும்போது அந்தச் சிறு நேரத்துக்குள் பிஸ்டன் கணிசமான தூரம் போய்விடும். ஆகவே ஓடுகிற எஞ்சினுக்குப் பிஸ்டன் உச்சியைத் தொடுமுன்பே பொறி விழவேண்டும். கையால் சுற்றும்போதோ பிஸ்டன் ஆமைபோல் ஏறுகிறது. அப்போதும் பொறி முந்தியே விழுந்தால், பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன்பே வெடிப்பின் பலம் வந்து அதைத் தாக்கும். மேலே போகவேண்டிய பிஸ்டன் வந்த வழியே திரும்பும். எஞ்சின் பின்பக்கமாகச் சுழலும். அதனோடு பூட்டிக்கொண்டிருக்கும் ஹாண்டிலும் பின்பக்கமாகச் சுழலும். அதைப் பிடித்திருப்பது மனிதனுடைய கை.

பூட்டிக்கொண்டிருக்கும் என்று சொன்னேனே, அந்தப் பூட்டையும் சற்றுக் கவனியுங்கள். ஹாண்டிலின் முனையிலும் எஞ்சின் தண்டின் முனையிலும் பல் வெட்டியிருக்கும். பல்லின் ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் செங்குத்து. நாம் சுற்றும்போது செங்குத்துப் பக்கங்கள் ஒன்றையொன்று தள்ளும். எஞ்சின் பிடித்துக்கொண்டு நம் கையைவிட வேகமாக ஓடத் தொடங்கினால் சரிவுப் பக்கம் ஹாண்டிலை வெளியே தள்ளிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது ஒரு பக்கத்து ஏற்பாடு. எஞ்சின் பின்பக்கம் உதைக்கும்போது அதே செங்குத்துப் பல் ஹாண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு உதை முழுவதையும் கொண்டுவந்து கையில் இறக்குகிறது. முன்னே ஓடினால் விடும், பின்னே ஓடினால் பிடிக்கும். இந்தப் பல்லை வெட்டியவர்கள் இது தெரியாதவர்கள் அல்லர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் வண்டி பெருகியபோது, ஆஸ்பத்திரிகளில் ஒரு புதுவிதமான முறிவு பெருகியது. முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் நுனி, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் உடைந்து வந்தது. டாக்டர்கள் அதற்கு ‘ஷோபர் முறிவு’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் வைத்தியப் புத்தகங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. ஷோபர் என்றால் பிரெஞ்சு மொழியில் முதலில் அடுப்புக்கு நெருப்பூட்டுகிறவன். நீராவி வண்டி நாளில் வந்த பெயர். பிறகு எஜமானனுடைய மோட்டாரைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கு அதுவே பெயராயிற்று. வண்டிக்குச் சொந்தக்காரன் பின் சீட்டில் இருந்தான். ஹாண்டிலைச் சுற்றியவன் முன்னால் மண்ணில் நின்றான். எந்த வகுப்பானுடைய கை உடைந்தது என்பதை வைத்தியர்கள் அறிந்தோ அறியாமலோ எழுதிவைத்துவிட்டார்கள்.

அந்த ஷோபர்மாருக்குப் புத்திமதி ஏராளமாகச் சொல்லப்பட்டது. பொறியைத் தாமதப்படுத்தும் லீவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் ஹாண்டிலைத் தொடவேண்டும். கட்டைவிரலை ஹாண்டிலைச் சுற்றிப் போடக்கூடாது. மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கமாக வைக்கவேண்டும். கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். மேலிருந்து கீழே அழுத்தக்கூடாது. இடது கையால் இழுக்கவேண்டும். இவை அத்தனையும் சரியான புத்திமதிகள். மேலே இழுக்கும்போது உதைத்தால் ஹாண்டில் விரல்களை விரித்துக்கொண்டு கீழே ஓடிவிடும். கீழே அழுத்தும்போது உதைத்தால் நீட்டிய கைக்குள் நேராக ஏறும். உடம்பின் பாரமும் எஞ்சினின் பலமும் நடுவில் அகப்பட்ட எலும்பின்மேல் மோதும். இன்றும் கையால் எஞ்சின் கிளப்புகிற தோழர் எவராயினும் இந்த வரிகளை மறுமுறை படித்து மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் புத்திமதி வேறு, பாதுகாப்புச் சாதனம் வேறு. புத்திமதி தொழிலாளியின் ஞாபகத்தில் இருக்கிறது. சாதனம் யந்திரத்தில் இருக்கிறது. விடியற்காலை இருட்டில், மழையில், கை விறைத்திருக்கையில், “இன்னும் எஞ்சின் கிளம்பவில்லையா?” என்று ஒருவர் பின்னாலிருந்து சத்தம் போடும்போது ஞாபகம் தவறும். யந்திரத்தில் வைத்துப் பூட்டிய நாக்குக்குச் சத்தமும் கேட்காது, தூக்கமும் வராது.

அத்தகைய நாக்குகள் அன்றைக்கே இருந்தன என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். 1900-க்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் உதைக்காத ஹாண்டில்களுக்குப் பல பேர் பேட்டண்ட் எடுத்திருக்கிறார்கள். ஒரு வகையில், ஹாண்டில் பின்பக்கம் ஒரு சிறிது திரும்பினாலே ஒரு நாக்கு போய் எஞ்சின் உடம்பில் பொருத்திய பல்வளையத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த மாட்டலிலேயே ஹாண்டிலுக்கும் தண்டுக்கும் உள்ள பிடி விட்டுப்போகும். எஞ்சின் பின்னால் சுற்றட்டும், கைக்கு ஒன்றுமில்லை. வேறொரு வகையில், ஹாண்டிலை உள்ளே அழுத்தினாலே ஒரு கம்பி பொறி லீவரைத் தாமதப் பக்கம் இழுத்துவிடும். லீவரைத் தள்ள மறந்தவனுக்கும் அது தள்ளிக் கொடுக்கும். இவற்றில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஒரு நாக்கு, ஒரு ஸ்பிரிங், நாலு பல். ஊர்ப் பட்டறையில் செய்துவிடக்கூடிய சாமான்கள்.

எனக்குப் பிடித்தது இம்பல்ஸ் கப்ளிங் என்ற சாதனம். டிராக்டர்களிலும், பம்ப் எஞ்சின்களிலும், நிலையாக நின்று ஓடும் பெட்ரோல் எஞ்சின்களிலும் மேக்னட்டோவோடு சேர்ந்திருக்கும். மெதுவாகச் சுற்றும்போது ஒரு நாக்கு மேக்னட்டோவைப் பிடித்து நிறுத்திவைக்கும். எஞ்சின் தண்டு திரும்பத் திரும்ப நடுவில் உள்ள ஸ்பிரிங் முறுக்கேறும். பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்ந்த பிறகே நாக்கு விடும்; மேக்னட்டோ ‘டக்’கென்று துள்ளிச் சுழன்று நல்ல பலமான பொறியைக் கொடுக்கும். எஞ்சின் வேகமெடுத்த பிறகு அந்த நாக்கு சுழற்சியின் வேகத்தால் ஒதுங்கிக்கொள்ளும். பொறி தானாகவே முந்தி விழும் நிலைக்கு வந்துவிடும். சுற்றும்போது டக், டக் என்று கேட்கும் அந்தச் சத்தம்தான் கைக்குக் காவல். சத்தம் நின்றுபோனால் நாக்கில் பழைய எண்ணெய் பிசினாய் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது சுற்றக்கூடாது. கழற்றிக் கழுவ வேண்டும். கழுவ ஒரு டின் மண்ணெண்ணெயும் அரை நாள் ஆள் கூலியும் செலவாகும். அந்த அரை நாளைக் கொடுப்பது யாருடைய பொறுப்பு? ‘காரணம்’ என்ற கட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றையே பதினைந்து, இருபது மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பற்றவைக்கிறார்கள். அவ்வளவு நெருக்கத்தை வெறுங்கையால் வெல்ல முடியாது. ஆகவே வால்வைத் திறந்து பிடித்துக்கொள்ளும் டிகம்ப்ரஷன் லீவர் வைத்தார்கள். லீவரைத் தூக்கிவிட்டு ஹாண்டிலைச் சுற்றினால் காற்று நெருங்காமல் வெளியே போகும். கனத்த சக்கரம் வேகம் பிடிக்கும். பிறகு லீவரைப் போட்டால் சக்கரத்தின் வேகமே பிஸ்டனை உச்சி தாண்டிவிடும். வேகம் போதாமல் போட்டுவிட்டால் இங்கேயும் உதை உண்டு. அதோடு டீசலில் இன்னொரு அபாயம்: பல் தேய்ந்தோ, துருவேறியோ ஹாண்டில் தண்டிலிருந்து கழலாமல் எஞ்சினோடு சேர்ந்து சுழல ஆரம்பிக்கும். அப்போது அது ஹாண்டில் அல்ல, வீசுகிற கதாயுதம். பிடிக்கப் போகாதீர்கள். எட்ட நின்று எண்ணெயை அடைத்து நிறுத்துங்கள்; அது பறந்து வரக்கூடிய நேர்க்கோட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

இனி, இந்தச் சாதனங்கள் யார் யாருக்கு எப்போது கிடைத்தன என்ற கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் வட்டாரத்தில் பைரன் கார்ட்டர் என்று ஒருவர். கார்ட்டர்கார் என்ற மோட்டாரை உண்டாக்கியவர். தாமே ஒரு முதலாளி. வழியில் நின்றுபோன காரைக் கிளப்பிக் கொடுக்க ஹாண்டிலைச் சுற்றினார், அது உதைத்து அவர் தாடையை உடைத்தது, அதன்பின் நிமோனியா கண்டது என்று மோட்டார் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். எந்த இடம், யாருடைய கார் என்பதில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். 1908-ம் ஆண்டில் அவர் இறந்துபோனார். கடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டுக்கு அவர் நண்பர். நண்பரின் சாவு லேலண்டை உலுக்கியது என்றும், இந்த ஹாண்டிலை ஒழித்தே தீர்வது என்று அவர் உறுதிகொண்டார் என்றும் சொல்லப்படுகிறது.

அந்த வேலையைச் செய்து கொடுத்தவர் சார்ல்ஸ் கெட்டரிங். அவர் அதற்குமுன் கடைகளில் காசு வாங்கும் கேஷ் ரெஜிஸ்டர் யந்திரத்துக்குச் சிறு மின்சார மோட்டார் பொருத்தியவர். கார் எஞ்சினைச் சுற்ற வேண்டுமானால் அந்த எஞ்சின் அளவுக்கே பெரிய மோட்டார் வேண்டும் என்று நிபுணர்கள் தலையசைத்தார்கள். கெட்டரிங் கேட்கவில்லை. கேஷ் பெட்டி மோட்டார் ஓரிரு கணம்தான் வேலை செய்கிறது. ஓரிரு கணத்துக்கு ஒரு சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மீறி ஓட்டலாம். கார் கிளம்பவும் சில கணம்தானே வேண்டும் என்பது அவர் கணக்கு. 1911-ல் செய்து காட்டினார். 1912 மாடல் கடிலாக் கார்கள் மின்சார ஸ்டார்ட்டரோடு வெளிவந்தன. காசுப் பெட்டியைத் திறந்த கருவி மனிதன் கையைக் காப்பாற்றவும் உதவியது என்பது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கையாகவே தோன்றும்.

கெட்டரிங்கின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. லேலண்டின் துக்கத்தையும் சந்தேகிக்கவில்லை. ஆனால் கார்ட்டருக்கு முன்னால் எத்தனை ஷோபர்மாருடைய கை முறிந்திருந்தால் டாக்டர்கள் அந்த முறிவுக்கென்று தனிப்பெயர் வைத்திருப்பார்கள்? அந்தக் கைகளுக்காக எந்தக் கம்பெனித் தலைவரும் தூக்கம் கெட்டதாகக் கதை இல்லை. ஒரு முதலாளியின் தாடை முறிந்தது. நாலு வருஷத்தில் மாற்றம் வந்தது.

வந்த மாற்றமும் படிப்படியாகத்தான் கீழே இறங்கியது. 1912-ல் கடிலாக் வாங்கக்கூடியவனுக்கு ஸ்டார்ட்டர் கிடைத்தது. சாமானியர்கள் வாங்கிய வண்டி போர்ட் கம்பெனியின் மாடல் டீ. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். அதில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது 1919-ல்தான். அப்போதும் முதலில் மூடிய கார்களுக்கு. திறந்த வண்டி வாங்கியவன் தனியாகக் காசு கொடுத்தால் உண்டு. லோரிக்கும், டிராக்டருக்கும், ஸ்டோர் எஞ்சினுக்கும் அதற்கும் பிந்தியது. யந்திரத்தின் விலை குறையக் குறைய மனிதனுடைய எலும்பின் விலையும் குறைந்துகொண்டே வந்தது என்றுதான் இந்தக் கணக்கைப் படிக்கவேண்டியிருக்கிறது.

டெட்ராய்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஒன்றரைக் கோடி வண்டிகளுக்கும் டயர் வேண்டியிருந்தது. 1910-ல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியதும், மலாயாவின் காடுகள் ரப்பர் தோட்டங்களாகியதும், கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் முன்னோரைக் கப்பலேற்றிக்கொண்டு வந்ததும் அந்த மோட்டார் வண்டிகளால்தான். உலகத்து ரப்பரில் ஏறக்குறையப் பாதியை இந்நாடு கொடுத்த காலமும் இருந்தது. கார் ஓடப் பால் வெட்டிக் கொடுத்தவன் நாம். அந்தக் கார் எஞ்சினோடு பிறந்த பாதுகாப்பு நமக்கு எப்போது வந்தது என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

தோட்டங்களுக்கு எஞ்சின் வந்தது ஷீட் உருட்டவும், கிரேப் அரைக்கவும், தண்ணீர் இறைக்கவும், பங்களாவுக்கு விளக்குப் போடவும். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் பிரிட்டிஷ் ஆட்சி இருந்த நாடுகளுக்கெல்லாம் போயிற்று. இரண்டு பக்கமும் கனத்த சக்கரம், நிமிஷத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் சுற்று, கையால் கிளப்பும் ஹாண்டில். உழைப்பில் அதற்கு நிகர் சொல்வது கடினம். பின்னாளில் இந்தியாவில் ராஜ்கோட்டில் அதைப் பார்த்து எத்தனையோ நகல்கள் செய்தார்கள். எஞ்சின் டிரைவர்மார் அதைத் தங்கள் வீட்டு மாடுபோல் நேசித்தார்கள். அந்த நேசத்தை நான் மதிக்கிறேன். கடிலாக்குக்கு 1912-ல் வந்த ஸ்டார்ட்டர் இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு வரவேயில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

நிர்வாகத்தார் பக்கத்து வாதம் ஒன்று உண்டு. “முப்பது வருஷம் ஹாண்டில் சுற்றியவர்கள் இருக்கிறார்கள், கையில் ஒரு கீறலும் இல்லை. முறை தெரிந்தவனுக்கு அபாயமில்லை” என்பார்கள். முறை தெரிந்தவனுக்கு அபாயம் குறைவு என்பது மெய்தான். ஆனால் முப்பது வருஷத்தில் அவன் எத்தனை ஆயிரம் தடவை ஹாண்டிலைத் தொட்டிருப்பான்? அத்தனை ஆயிரம் தடவையும் அவன் தவறாமல் இருந்தால்தான் கை மிஞ்சும் என்றால், அந்த யந்திரம் சரியாகச் செய்யப்பட்ட யந்திரமா? மேலும் அவன் காய்ச்சலில் படுத்த நாளில் ஹாண்டிலைத் தொடுவது யார்? முறை தெரியாத இளைஞன் ஒருவன்தானே. ‘அவனைத் தொடச் சொன்னது யார்’ என்று பிறகு விசாரணை நடக்கும். யாரும் சொல்லவில்லை என்று முடியும்.

நம்மவர் பக்கத்தையும் மூடி மறைக்க நான் விரும்பவில்லை. ஒரே இழுப்பில் எஞ்சினைக் கிளப்புவதை வீரமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். லீவரைத் தூக்காமலே சுற்றிக் காட்டுகிறேன் பார் என்று பந்தயம் கட்டுகிறவர்களும் உண்டு. ஹாண்டிலைத் தள்ளி நிறுத்தும் ஸ்பிரிங் ஒடிந்துபோனால் கம்பியால் கட்டிக்கொண்டு வேலையை ஓட்டுகிறோம். பல் தேய்ந்து வழுக்கினால் அதன்மேல் வெல்டிங் வைத்து அரத்தால் ராவி, சரிவு எது செங்குத்து எது என்று தெரியாதபடி ஆக்கிவிடுகிறோம். முன்னே ஓடினாலும் விடாத ஹாண்டில் அப்படித்தான் உண்டாகிறது. இதையெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சுவதைத் தோழர்கள் நிறுத்தவேண்டும். ஸ்டோர் அறையில் மாற்றுச் சாமான் இல்லாதபடியால்தானே இந்தக் கெட்டிக்காரத்தனம் தேவைப்படுகிறது என்று கேட்டால், அதுவும் வாஸ்தவம்தான். சாமான் இல்லையென்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

ஒரு தோட்டத்தில் பம்ப் எஞ்சின் உதைத்துக் கைக்கட்டோடு ஆபீசுக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “கிராணி ஐயா, ஹாண்டில் வழுக்கிச்சுன்னு எழுதுங்க. நான் வழுக்கிட்டேன்னு எழுதிடாதீங்க.” இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுதப் படிக்கத் தெரிந்த பலருக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அவரிடம், “பல்லைக் காட்டுங்கள் பார்க்கலாம், ஹாண்டில் பல்லை” என்றேன். கட்டுப்போட்ட கையோடு சிரித்துவிட்டார். போய்ப் பார்த்தோம். பல் மொட்டையாக இருந்தது. ‘ஹாண்டில் பல் தேய்மானம்’ என்று எழுதினேன். அந்த வரியின்மேல் நிர்வாகத்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்த மாதமே புது ஹாண்டில் வந்தது.

அஜாக்கிரதை என்று எழுதினால் என்ன நஷ்டம், நஷ்டஈடுதான் எப்படியும் கிடைக்கிறதே என்று சில கிராணிமார் கேட்பார்கள். சொக்சோ என்று நாம் சொல்லும் 1969-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையில் நேர்ந்த விபத்துக்குப் பணம் கொடுக்கும்போது யார் குற்றம் என்ற விசாரணை இல்லை, அது உண்மை. ஆகவே ஒரு சொல்லால் அவன் பணம் போய்விடாது. போவது வேறொன்று. காரணம் மனிதன்தான் என்று எழுதிய பிறகு யந்திரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே மொட்டைப் பல் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1953-ல் யந்திரச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1967-ம் ஆண்டின் தொழிற்சாலை, யந்திரச் சட்டம் வந்தது. யந்திரத்தின் அபாயகரமான பாகங்களை அடைத்துக் காப்பது அந்தச் சட்டங்களின் போக்கு. 1994-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தபோது நோக்கு மாறியது: அபாயமில்லாத யந்திரத்தையும், அபாயமில்லாத வேலைமுறையையும், பயிற்சியையும், மேற்பார்வையையும் சாத்தியமான மட்டும் கொடுப்பது முதலாளியின் கடமை என்றாயிற்று. 2024 ஜூன் 1-ம் தேதியோடு 1967 சட்டம் ரத்தாகி, திருத்தப்பட்ட 1994 சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தழுவிக்கொண்டது. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்கவேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதி இருக்கவேண்டும். கண்ணெதிரே அபாயம் இருப்பதாக நம்ப நியாயம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லையென்றால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையும் இந்தத் திருத்தத்தில் எழுத்தில் வந்துவிட்டது.

அந்தச் சட்டத்தில் முதலாளியின் கடமையாக எழுதப்பட்ட வரிசையைப் பாருங்கள். யந்திரம் முதலில் வருகிறது. பயிற்சி பிறகு வருகிறது. நம்முடைய விபத்துப் புத்தகங்களோ தொழிலாளியிடம் தொடங்கித் தொழிலாளியிடமே முடிகின்றன. ஆகவே ‘காரணம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடவேண்டும் என்பது என் யோசனை: ‘யந்திரத்தில் என்ன பாதுகாப்புச் சாதனம் இருந்தது, அது அன்று வேலை செய்ததா?’ புது அச்சடிக்க வேண்டியதில்லை. பேனாவால் ஒரு கோடு போட்டால் போதும். கமிட்டியில் இருக்கும் நம் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பிரேரணையாகக் கொண்டுவரலாம். கிராணிமாரும் இதில் தயங்கக் காரணமில்லை. உண்மையை இரண்டு கட்டத்தில் எழுதுவது யாருக்கும் துரோகம் ஆகாது.

ஹாண்டில் எஞ்சினெல்லாம் மியூசியத்துக்குப் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று நினைப்பவர்களும் இருக்கலாம். பெரிய ஸ்டோர்களில் மின்சார மோட்டார் வந்து வெகுகாலமாயிற்று என்பது சரி. ஆற்றோரத்துப் பம்ப் கொட்டகையிலும், கையால் தள்ளி உழும் சிறு டிராக்டரிலும், சில படகுகளிலும் ஒற்றைச் சிலிண்டர் டீசலை இன்றும் கையால்தான் சுற்றுகிறார்கள். அவற்றின் ஹாண்டில் முனையில் சாய்வாக வெட்டிய பள்ளம் உண்டு. எஞ்சின் கிளம்பியதும் ஹாண்டிலைத் தள்ளிவிடுவதற்காக. அந்தப் பள்ளம் தேய்ந்தால் பழைய கதைதான். புல் வெட்டும் மிஷினுக்கும் மரம் அறுக்கும் செயின் சாவுக்கும் ஹாண்டில் இல்லை, கயிறு இருக்கிறது. கயிறும் உதைக்கும், முழங்கையையும் விரலையும் இழுத்துக்கொண்டு போகும். பெரிய செயின் சாக்களில் டிகம்ப்ரஷன் பொத்தான் வைத்தே விற்கிறார்கள். விலை குறைந்ததில் பொத்தான் இருக்காது. தோட்டத்துக்கு எதை வாங்கினார்கள் என்று பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். பில் கிராணி மேசையில்தான் இருக்கிறது.

கிளைச் செயலாளர்கள் தங்கள் தோட்டத்தில் கையால் கிளப்பும் எஞ்சின் எத்தனை என்று இந்த மாதமே எண்ணி எடுக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் ஹாண்டில் பல்லின் சரிவும் செங்குத்தும் கண்ணுக்குத் தெரிகிறதா, ஸ்பிரிங் முழுதாக இருக்கிறதா, டிகம்ப்ரஷன் லீவர் தூக்கினால் நிற்கிறதா, மேக்னட்டோ உள்ளதில் டக் டக் சத்தம் கேட்கிறதா, எண்ணெயை எட்ட நின்று அடைக்க வழியிருக்கிறதா என்று எஞ்சின் டிரைவரைக் கூட வைத்துக்கொண்டு பார்க்கட்டும். பார்க்கும்போது எஞ்சின் ஓடாமல் இருக்கட்டும். சத்தம் கேட்பதற்கென்று சுற்றும்போது பெட்ரோலை அடைத்துவிட்டு, பிளக் ஒயரையும் கழற்றி எஞ்சின் உடம்பில் தொடும்படி கட்டிவிட்டுச் சுற்றட்டும். கண்டதை எழுதி ஒரு பிரதி நிர்வாகத்துக்கும், ஒரு பிரதி பாதுகாப்புக் கமிட்டிக்கும், ஒரு பிரதி சங்கக் காரியாலயத்துக்கும் அனுப்புங்கள். எஞ்சினின் பெயர்த்தகட்டில் உள்ள நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். மாற்றுச் சாமான் வரவழைக்க அது வேண்டும். தகடு விழுந்துபோயிருந்தால் சக்கரத்தின் குறுக்களவை அளந்து எழுதினாலும் போதும்.